செந்தேளும் கருந்தேளும்

அந்தி மயங்கிய பிறகு விறகுப் புரைக்குள் வெறுங்காலோடு போகக் கூடாது. பாயை உதறாமல் விரிக்கக் கூடாது. கொடியில் கிடக்கும் துண்டை உதறாமல் தோளில் போடக் கூடாது. பரணில் கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியை விட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் விதித்திருந்த நியமங்கள் இப்படிப் பல. காரணம் என்ன என்று கேட்டால், "காரணத்துக்கு எட்டுக் கால், ஒரு கொடுக்கு" என்று சொல்லிப் பாட்டி சிரிப்பாள்.

சிமெண்டுத் தளமும் காங்கிரீட்டுக் கூரையும் வந்த பின்பு பிறந்த பிள்ளைகளுக்கு இந்த நியமங்கள் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பழைய கிராமத்து வீட்டின் அமைப்பைச் சற்றே நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தால், அது மனிதருக்காக மட்டும் கட்டப்பட்டதா, தேளின் சௌகரியத்தையும் உத்தேசித்துக் கட்டப்பட்டதா என்ற ஐயம் எழாமற் போகாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தும் மல்லாத்தியும் வேய்ந்த நாட்டு ஓடுகளின் இடுக்கு, கோடையில் வெடித்து மழையில் ஊறும் மண்சுவர், கொல்லைப்புறத்தில் அடுக்கிய விறகும் வறட்டியும், என்றோ ஒரு நாள் மதில் கட்டலாம் என்று வாங்கிக் குவித்து அப்படியே பாசி படிந்துபோன செங்கல், மூலையில் சாய்த்து வைத்த பனையோலைக் கட்டு ஆகிய இவையெல்லாம், பகலில் உடம்பின் மேலும் கீழும் ஏதாவது உராய்ந்துகொண்டிருக்கும்படியான ஒடுங்கிய இருட்டையே நாடுகின்ற ஒரு ஜந்துவுக்கு, அரண்மனைகளேயன்றி வேறென்ன? அரண்மனையில் விருந்துக்கும் குறைவில்லை; கரப்பானும் சிள்வண்டும் சிலந்தியும் தாமாகவே தேடி வரும். கண்கள் பல இருந்தும் பார்வை மங்கிய இந்தப் பிராணி, தரையில் உண்டாகும் அதிர்வைக் கால்களால் உணர்ந்தே இரையை அறிகின்றது. அடுத்த வேளை உணவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். அவசரம் அறியாத இந்தக் குடித்தனக்காரனோடுதான் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து வந்திருக்கின்றனர்.

இந்தப் பழக்கம் எவ்வளவு தொன்மையானது என்பதற்குச் சொல்லே சாட்சி. நாம் தேள் என்பதையே மலையாளத்தாரும் தேள் என்கின்றனர். தெலுங்கர் தேலு என்கின்றனர். கன்னடத்தார் சேளு என்கின்றனர். மொழிகள் பிரிவதற்கு முன்பே கொடுக்கின் அநுபவம் பொதுவாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கல்வெட்டும் சொல்லிவிட முடியாது. நளி என்பதும் தேளைக் குறிக்கும் பழஞ்சொல்லே. கதிரவன் விருச்சிக ராசியில் நிற்கும் கார்த்திகை மாதத்துக்குத் தனித்தமிழில் நளி என்று பெயர் வந்தது அதனால்தான். பாம்பு கடிக்கும் என்போம். தேளுக்கோ கொட்டும் என்ற தனி வினையை வைத்திருக்கிறோம். வலித்தும் வாய்விட்டு அலற முடியாமல் தவிப்பவனைத் தேள் கொட்டிய திருடன் என்கிறோம். முன்பே துள்ளுகிற குரங்கு, கள்ளைக் குடித்து, அதன்மேல் தேளும் கொட்டினால் என்ன ஆகும் என்ற கற்பனையும் நம்முடையதே.

அச்சம் இருந்த இடத்தில் தெய்வமும் வந்து சேர்ந்தது இயல்பே. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைக் கொண்ட கோலார் கோலாரம்மன் ஆலயத்தில், சேளம்மா என்று ஒரு தேவி எழுந்தருளியிருக்கிறாள். சேளு என்ற கன்னடச் சொல்லை மேலே பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருள் விளங்காமல் இராது. அவளைப் பிரார்த்தித்துத் தரையிலே அமைந்த பழைய உண்டியலில் காணிக்கை செலுத்தினால் தேள் தீண்டாது என்பது அங்கு வருகின்ற ஜனங்களின் நம்பிக்கை. காலராவுக்கும் அம்மைக்கும் அம்மனை வைத்து வணங்கிய நாட்டில், நள்ளிரவில் விறகை எடுக்கக் குனிந்த பெண்ணின் விரல் நுனியில் பாய்கின்ற நெருப்புக்கும் ஓர் அம்மன் இருந்தது வியப்பன்று.

தெய்வத்துக்கு அடுத்த ஸ்தானம் மந்திரிக்கிறவருக்கு. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். நான் ஏழெட்டு வயதுப் பையனாக இருந்தபோது, ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில், நடையில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிய என் தகப்பனாரைத் தேள் கொட்டிவிட்டது. அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டியபோது, அந்தப் பெரியவர் இலையின் முன் உட்கார்ந்திருந்தார். கையிலெடுத்த கவளத்தை அப்படியே இலையில் வைத்துவிட்டு எழுந்தார். தேள்கடி என்று வந்து சொன்னால் சாப்பாட்டில் இருந்தாலும் எழ வேண்டும். கூலியென்று ஒரு காலணாவும் வாங்கக் கூடாது. கிரகண காலத்தில் இடுப்பளவு நீரில் நின்று மந்திரத்தை உருவேற்றிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இவை அவருக்கு அவருடைய குரு விதித்த நிபந்தனைகள். அழைக்க வந்த தூதன் எந்தப் பக்கம் நின்றான், முதலில் என்ன சொல் சொன்னான் என்பதைக் கொண்டே விஷத்தின் போக்கைக் கணிக்கும் தூதலட்சணம் என்ற சாஸ்திரமும் அவர்களிடம் உண்டு. வழியில் நடக்கும்போது அவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, கதவைத் தட்டும்போது நீ எந்தக் காலில் நின்றாய்?"

வந்தவர் விபூதியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, கடுப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று விசாரித்தார். தொடை வரை ஏறி, இடுப்பு மடிப்பில் நெறி கட்டியிருப்பதாகத் தகப்பனார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். உதடு அசைவது தெரியுமேயொழியச் சொல் காதில் விழாத ஒரு முணுமுணுப்போடு, அந்த எல்லையிலிருந்து வேப்பிலைக் கொத்தால் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வந்து, சற்றைக்கொருதரம் நிறுத்தி, "இப்போது எங்கே?" என்று கேட்பார். "முழங்காலில்" என்று பதில் வரும். மறுபடியும் தடவுவார். "கணுக்காலில்." மறுபடியும் தடவுவார். இப்படியாக ஒரு நாழிகைக்குள் தொடையளவு இருந்த வேதனை சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிற்று. அந்த மனிதரின் குரலில் இருந்த நிதானமே பாதி மருந்து என்பது இன்று எனக்குப் புரிகின்றது. அன்று புரிந்ததெல்லாம், அவர் எமனோடு பேசத் தெரிந்தவர் என்பது மாத்திரமே.

மந்திரத்தோடு கைமருந்தும் சேர்ந்தே நடந்தது. புளியங்கொட்டையைக் கருங்கல்லில் சூடு பறக்கத் தேய்த்துக் கடிவாயில் வைத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். விஷத்தை உறிஞ்சிய பின் தானாகவே உதிர்ந்துவிடும் என்பார்கள். நாயுருவியைக் கசக்கிப் பூசுவார்கள். பூங்கொத்து தேளின் வால் போலவே சுருண்டிருப்பதால் தேள்கொடுக்கு என்று பெயர் பெற்ற செடியையும், உருவ ஒற்றுமையையே அத்தாட்சியாகக் கொண்டு, அரைத்துப் பற்றுப் போடுவதுண்டு. நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் உள்ளங்கையில் கலந்து, குபீரென்று எழும் காரநெடியை முகரச் செய்வதும் ஒரு சிகிச்சை. வெங்காயம் தேய்க்காத வீடு இல்லை.

இந்தச் சிகிச்சைகள் அனைத்தும் பலித்தன என்பதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பத்து வைத்தியங்கள் ஒரே நோயைத் தீர்க்குமானால், அந்த நோய் எதுவும் செய்யாமலே தீரக்கூடியது என்றுதானே கொள்ள வேண்டும்? நம் வீடுகளைச் சுற்றி வாழும் தேள்களில் பெரும்பாலானவற்றின் விஷம், வளர்ந்த மனிதனுக்கு வலியைத் தவிர வேறு பெருங்கேடு விளைப்பதில்லை. சில மணி நேரம் சுட்டெரித்துவிட்டு அது தானாகவே இறங்கிப்போகும். அப்படி இறங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது விபூதியானால் புகழ் விபூதிக்கு, புளியங்கொட்டையானால் புளியங்கொட்டைக்கு. மந்திரித்தவர் வஞ்சகர் அல்லர். கவளத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தவரை வஞ்சகர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அவர் எண்ணிக்கையில் ஏமாந்தவர், அவ்வளவே.

அவரோடு சேர்ந்து ஊரே ஏமாந்த விஷயம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், தேள்களில் மிகப் பொல்லாதது நட்டுவாக்காலி என்றே சொல்வார்கள். கரியைத் தேய்த்து மெருகேற்றினாற் போன்ற நிறமும், நண்டின் கையைப் போலப் பருத்த இடுக்கிகளும், முழங்கையளவு என்று பயத்தினால் மிகைப்படுத்திச் சொல்லப்படும் நீளமும் உடைய அந்தக் கருந்தேள், மழை வெள்ளம் வளையில் புகுந்தால் வெளிப்பட்டு, திண்ணையில் இருப்பவர்களையெல்லாம் தெருவுக்கு ஓட்டிவிடும். செங்கலுக்கடியில் பதுங்கும் மூன்றங்குலச் செந்தேளையோ யாரும் பொருட்படுத்துவதில்லை; சின்னத் தேள் என்று செருப்பால் ஓர் அடி அடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். உண்மை இதற்கு நேர்விரோதம். இரையைக் கையாலேயே நொறுக்கும் வலிமையுடைய பெருந்தேளுக்கு விஷத்தின் தேவை குறைவு. ஆகவே அதன் இடுக்கிகள் பருத்தும் வால் மெலிந்தும் இருக்கின்றன. இடுக்கி மெலிந்த செந்தேளோ முழுக்க முழுக்க விஷத்தையே நம்பி வாழ்வது. அதன் வால் பருத்திருப்பதன் காரணம் அதுவே. நம் அச்சம் உருவத்தின் பக்கம் நின்றது. மரணம் மறுபக்கத்தில் நின்றது.

அந்த மரணத்தை நானும் ஒரு தடவை அருகில் கண்டதுண்டு. செங்கல் சூளையில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பையனை, பொழுது சாயும் வேளையில் ஒரு சிறு தேள் கொட்டிற்று. முதலில் அவன் பெரிதாக அழவும் இல்லை. பிறகு வாந்தி எடுத்தான். சட்டை நனைந்து சொட்டும்படி வியர்த்தான். கைகால் ஐஸைப் போலச் சில்லிட்டன. விடியற்காலம் மூச்சுத் திணறி வாயில் நுரை தள்ளிற்று. அன்றும் வேப்பிலைக் கொத்து வந்தது, தடவலும் நடந்தது. "நேரம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடி அந்தப் பெரியவர் வெளியேறியதை நான் பார்த்தேன்.

அந்தச் செந்தேளுக்கு மேல்நாட்டு விஞ்ஞானம் இட்ட பெயரைப் பிற்காலத்தில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை என்னவென்று சொல்வது! லின்னேயஸின் மாணாக்கரும், கீல் நகரத்துப் பேராசிரியரும், இந்தியாவில் காலடி வைக்காதவருமான ஃபாப்ரீசியஸ் என்ற டேனிஷ் அறிஞர், 1798-ஆம் ஆண்டில் இதை வருணித்து, டமூலஸ் என்று பெயர் சூட்டினார். தமிழைச் சுட்டும் லத்தீன் வடிவம் அது. அதன்பின் வந்தவர்கள் அதன் குலப்பெயரை ஸ்கார்ப்பியோ என்பதிலிருந்து பூத்தஸ் என்றும், மீசோபூத்தஸ் என்றும், இன்று ஹாட்டன்டாட்டா என்றும் மாற்றி மாற்றி எழுதினர். தமிழின் பெயர் மட்டும் மாறவில்லை. பஞ்சாபிலும் மகாராஷ்டிரத்திலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்கின்ற ஒரு ஜந்து, உலகத்தின் விஞ்ஞானப் புத்தகங்களிலெல்லாம் நம் பெயரால் வழங்குகின்றது. அதன் விஷத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கும் தமுலஸ்டாக்சின் என்றே பெயர். தமிழ் பேசும் நாமோ அதைப் பெயரிட்டு அழைக்கவும் தகுதியற்ற சின்னத் தேள் என்று ஒதுக்கிவிட்டோம். பெருந்தேள்களில் ஒன்றுக்கு 1872-ல் பெயரிட்ட சிமோன், பூச்சிகளின் உள்ளுறுப்புகளை ஆராய்ந்த பழைய டச்சுப் பண்டிதர் ஸ்வாமர்டாமின் ஞாபகார்த்தமாக அதை அழைத்தார். இந்நாட்டுத் தேள்களையெல்லாம் தொகுத்துப் போக்காக் என்பவர் 1900-ல் ஒரு நூலே வெளியிட்டார்.

பெயர் சூட்டியவர்களும் வகை பிரித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் கொட்டுண்ட குழந்தையின் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்து எழுதியவர் வர நெடுங்காலம் ஆயிற்று. மகாராஷ்டிரத்தில் ராய்கட் மாவட்டத்து மகாட் பகுதியில் கிராம வைத்தியராக இருந்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டியவர்களின் பக்கத்தில் இரவும் பகலும் இருந்து, வாந்தி, மிகுந்த வியர்வை, கைகால் குளிர்தல் முதலியவை இருதயத்துக்கு வரப்போகும் ஆபத்தின் முன்னறிவிப்புகள் என்பதைக் குறித்துக்கொண்டார். 1982-ல் லான்செட் பத்திரிகையில் அதை வெளியிட்டார். இந்த விஷம் உடம்பின் நரம்புகளைத் தூண்டிவிட்டு, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிழியச் செய்து, அந்தப் பாரத்தைத் தாங்க மாட்டாமல் இருதயம் தளர்ந்து, சுவாசப்பையில் நீர் கோத்துக்கொள்ளும்படி செய்கின்றது. நாங்கள் கண்ட நுரை அந்த நீரே. இறுக்கத்தைத் தளர்த்த, ரத்த அழுத்தத்துக்கென்று ஏற்பட்ட பிராசோசின் என்ற மலிவான மாத்திரையை அவரும் அவர் மனைவி பிரமோதினியும் கையாண்டனர். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு, நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்கு இறங்கிற்று. மும்பை ஹாஃப்கின் நிலையத்தார் செந்தேளுக்கென்றே முறிமருந்து தயாரித்தனர். அதையும் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் நோயாளி விரைவில் தேறுகிறான் என்பதை அதே மகாட்டில் பாவஸ்கர் தம்பதி செய்த சோதனை 2011-ல் உலகுக்குக் காட்டிற்று. 2022-ல் ஹிம்மத்ராவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஃபாப்ரீசியஸ் பெயர் வைத்ததற்கும் அந்த மாத்திரைக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள்! அந்த இடைவெளியில் எத்தனை சூளைகளில் எத்தனை பையன்கள்!

தேளை வெறுப்பதற்கு இவ்வளவு காரணம் சொல்லிவிட்டேன். அதன் வீட்டு வாழ்க்கையையும் ஒருமுறை பார்ப்பது நியாயம். ஆட்டுரலைப் பெயர்த்த ஒரு நாள், அதன் அடியில் ஒரு கருந்தேள், முதுகெல்லாம் வெண்ணிறப் பொரி ஒட்டினாற் போல நின்றதைப் பாட்டி எனக்குக் காட்டினாள். குனிந்து பார்த்தால் பொரி அன்று. பச்சரிசி அளவில், கண் மட்டும் கரும்புள்ளியாகத் தெரியும் குஞ்சுகள். ஒன்று சறுக்கி விழுந்தது. தாயின் இடுக்கியைப் பற்றிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறிற்று. குஞ்சுகள் தாயைத் தின்றுவிட்டே வெளிப்படும் என்ற கதையைக் கேட்டுத்தான் பாட்டியும் வளர்ந்தவள். ஆனால் கண்ணெதிரே தாய் உயிரோடு நின்றது. தேள் முட்டையிடுவதில்லை, குட்டிகளையே ஈன்று, அவை முதல் சட்டை உரிக்கும் வரை முதுகில் சுமக்கின்றது. பாட்டி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெற்றவளாய் இருக்கிறாளே" என்று சொல்லி, முறத்தில் தள்ளிக் கொல்லை வேலிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டாள். அவள் கையால் அடிபடாமல் பிழைத்த தேள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மந்திரத்தைக் காட்டிலும் அந்தப் பாட்டிகளின் நியமங்களே விஞ்ஞானத்துக்கு நெருங்கி நின்றன என்பது என் அபிப்பிராயம். கொல்லையில் கோழி வளர்த்தார்கள். அது தேளைக் கொத்தித் தின்னும். விறகை மண்ணில் போடாமல் கல்லின்மேல் உயர்த்தி அடுக்கினார்கள். பொங்கலுக்கு முன் சுவரின் வெடிப்புகளை மண்ணால் பூசி, சுண்ணாம்பு அடித்தார்கள். குழந்தையைத் தரையில் விடாமல் தூளியில் போட்டார்கள். இன்றைக்கும் இவற்றுக்கு மேல் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கொட்டிவிட்டால், கடிவாயைக் கழுவி, கயிற்றால் இறுகக் கட்டாமல், கீறாமல், பனிக்கட்டி ஒற்றடத்தோடு வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அதிலும் குழந்தையானால் வியர்வைக்கோ வாந்திக்கோ காத்திராமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதுதான் புதிதாகச் சேர்ந்த பாடம்.

புதிதாகச் சேர்ந்தது இன்னும் ஒன்று உண்டு. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா வெளிச்சம் பட்டால், தேளின் மேலோடு நீலப் பச்சையாகச் சுடர்விடும் என்பதை 1954-ஆம் ஆண்டுவாக்கில் விஞ்ஞானிகள் கண்டு எழுதினர். கடைக்காரர்கள் கள்ள நோட்டைச் சோதிக்கும் சிறு டார்ச்சிலும் அதே வெளிச்சமே இருக்கின்றது. சென்ற கார்த்திகையில், பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறக்கப் போயிருந்தபோது, என் பேரன் அப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். இருட்டிய பிறகு கொல்லையில் குவிந்து கிடந்த பழைய ஓடுகளின்மேல் அதைப் பிடித்தான். ஓர் ஓட்டின் விளிம்பில், மின்மினியை நசுக்கித் தடவினாற் போல ஒரு சின்னக் கொடுக்கு வளைந்து ஒளிர்ந்தது.

"கறுப்பா, சிவப்பா, தாத்தா? இந்த வெளிச்சத்தில் நிறமே தெரியவில்லையே" என்றான்.

"நிறத்தை விடு," என்றேன், "கையைப் பார்."

அவன் குனியாமல், எட்ட நின்றபடியே வெளிச்சத்தை நகர்த்தினான். ஊசி போல மெலிந்த இரண்டு இடுக்கிகள். அவற்றுக்குப் பின்னால், உடம்புக்குப் பொருந்தாத பருமனோடு வால். பையன் ஓரடி பின்வாங்கினான். அவன் காலில் செருப்பு இருக்கிறதா என்று என் கண் தானாகவே கீழே போயிற்று.